சாமி ஆகிவிட்ட ஸ்பெக்ட்ரம்

எங்கள் வீட்டில் இருக்கும் பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரை யாராலும் தூக்கிப் போட முடியாது. என் மனைவி முயன்று பார்த்துவிட்டாள். சொசைட்டியில் ஈ-வேஸ்ட் வண்டி வந்த அன்று கேட் வரைக்கும் கொண்டுபோய்விட்டாள், அம்மா பால்கனியில் நின்றபடியே "சரஸ்வதிக்கு வச்ச பொருளைக் குப்பை வண்டியிலயா போடப் போற?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதோடு சரி, போன வேகத்திலேயே திரும்பி வந்து லாஃப்டில் ஏறிவிட்டது. அக்கம்பக்கத்து மராத்திக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது என்றாலும் அந்தத் தொனி எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

அது எப்படிச் சாமி ஆனது என்றால், அதற்கு 1987-க்குப் போக வேண்டும். அப்போது நாங்கள் மும்பை அன்டாப் ஹில்லில் மத்திய அரசுக் குடியிருப்பில் இருந்தோம் (அப்போது அது பம்பாய், அம்மாவுக்கு இன்றைக்கும் பம்பாய்தான்). "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான்" என்று ஆபீசில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு அப்பா ஜி.பி.எஃப். (சேமநிதி) அட்வான்ஸ் போட்டு ஒரு டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் வாங்கி வந்தார். இங்கிலாந்தில் சின்க்ளேர் கம்பெனி 1982-ல் கொண்டுவந்த ஸ்பெக்ட்ரத்துக்குக் கீகள் ரப்பரில் இருந்தன, 1984-ல் கெட்டிப் பிளாஸ்டிக் கீகளோடு பிளஸ் வந்தது, அதைத்தான் இந்தியாவில் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் உரிமம் வாங்கி விற்றது. மெமரி 48 கே. சித்தி தினமும் காலையில் வாட்ஸப்பில் அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங் ஒன்றைக்கூட அதற்குள் அடைக்க முடியாது, ஆனால் அன்று அதைப் பார்க்க மாடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மானிட்டர் கிடையாது, டிவியின் ஆன்டெனா துளையில்தான் செருக வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம் ஓடும் நேரத்தில் கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்கக் கூடாது, எடுத்தால் பக்கத்து வீட்டு ஆட்களே அடிப்பார்கள், அவர்களும் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

கேம் எல்லாம் கேசட்டில். டேப் ரெக்கார்டரை வயரில் இணைத்து, ஜே கீயை ஒரு தட்டுத் தட்டினால் திரையில் 'லோட்' என்று முழு வார்த்தையும் வந்து விழும் (ஒவ்வொரு கீக்கும் ஒரு கட்டளை, எழுத்து எழுத்தாக அடிக்கிற வேலையே இல்லை), அப்புறம் இரண்டு மேற்கோள் குறி, அப்புறம் என்டர், அப்புறம் டேப்பிலிருந்து அந்த அலறல். மெமரி முழுக்க நிரம்பும் கேம் ஏறுவதற்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும். ஓரமெல்லாம் கோடு கோடாக ஓடும், கலர் டிவி உள்ளவர்களுக்கு நீலமும் மஞ்சளுமாக, எங்களுக்குச் சாம்பலும் இன்னொரு சாம்பலுமாக. நாலே முக்கால் நிமிஷம் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தால் கடைசியில் 'டேப் லோடிங் எரர்' என்று வந்து நிற்கும். அதற்கு ஒரு வைத்தியம் உண்டு, டேப்பின் ஹெட் பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவை ஓசை கூர்மையாகும்வரை திருப்ப வேண்டும். என் அண்ணன் அதில் கெட்டிக்காரன். அவன் திருப்பிய திருப்பில் கேம் ஏறிவிட்டது, ஆனால் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் அப்பா ஆசை ஆசையாகப் பதிந்து வந்திருந்த வில்லுப்பாட்டு கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிட்டது. இதில் ரெண்டாவது குற்றம், கேசட் பற்றாமல் போனதால் பின்பக்கத்தில் பாதியில் கேமையும் பதிந்து வைத்திருந்தான். ஊரிலிருந்து வந்த பெரியப்பா வில்லுப்பாட்டு கேட்க உட்கார்ந்து, திடீரென்று 'கீ...' என்று அலறல் கிளம்பியதும், "சாமி வந்துட்டு போல" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இதை அப்பா தன் கடைசிக் காலம் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார், அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. பாடப் புத்தகம், கணக்கு நோட்டு, அப்பாவின் பேனா, அம்மாவின் தையல் மிஷின் எல்லாம் வைக்கும்போது இதையும் வைக்காமல் இருக்க முடியுமா? வைத்தார்கள். அம்மா பொட்டு வைத்தாள். பெட்டியின் மேல் ஒரு பொட்டு வைத்தால் போதாதா என்று யாருக்கும் தோன்றவில்லை, 58 கீக்கும் சந்தனம், 58 கீக்கும் குங்குமம், நடுவில் அட்சதை வேறு. மறுநாள் விஜயதசமி காலையில் எல்லோரும் நோட்டில் பிள்ளையார் சுழி போட்டோம், அப்பா கம்ப்யூட்டரைக் காட்டி "இதுவும் போடணும்" என்றார்.

அதற்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாமே எழுத்து வரைந்து வைத்துக்கொள்ள 21 இடம் கொடுத்திருந்தார்கள், ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுக் கட்டம். சயின்ஸ் ரெக்கார்டிலிருந்து கிராஃப் தாளைக் கிழித்து, அதில் 'உ' வரைந்து, கறுத்த கட்டமெல்லாம் ஒன்று, வெள்ளையெல்லாம் பூஜ்யம் என்று எடுத்து, வரிக்கு ஓர் எண்ணாக மாற்றினேன்: 56, 68, 68, 52, 8, 48, 64, 126. புரோகிராமை அடித்து ஓட்டியதும் டிவியின் நடுவில் எறும்பு மாதிரி ஒரு 'உ' வந்து நின்றது. அப்பா அதற்குக் கற்பூரம் காட்டினார். டிவிக்குக் காட்டினாரா கம்ப்யூட்டருக்கா என்று இன்றுவரை வீட்டில் ஒரு தீர்ப்பு இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு விஜயதசமிக்கும் அது ஓடியே ஆக வேண்டும், 'உ' போட்டே ஆக வேண்டும். நான் வேலைக்குப் போனேன், வீட்டுக்குப் பென்டியம் வந்தது, லேப்டாப் வந்தது, எதற்கும் அந்த மரியாதை இல்லை. கிராஃப் தாள் எங்கோ தொலைந்தும் போய்விட்டது, அதனால் ஒன்றும் கெடவில்லை, அம்மா அந்த எட்டு எண்ணையும் வாய்ப்பாடு ராகத்தில் ஒப்பிப்பாள். அவளுக்கு என் போன் நம்பர் தெரியாது.

அப்பா ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டோம்பிவிலி வந்தோம், தரைத் தளம். 2005 ஜூலை 26 மும்பை மழை யாருக்கும் மறந்திருக்காது, சாந்தாகுரூசில் மட்டும் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. எங்கள் பக்கமும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அரிசி டிரம், துணி பீரோ, என் கல்லூரிச் சர்டிபிகேட் எல்லாம் நனைந்தன. ஸ்பெக்ட்ரம் நனையவில்லை, ஏனென்றால் அது சாமி படங்களோடு மேல் தட்டில் இருந்தது. சர்டிபிகேட்டை ஏன் அங்கே வைக்கவில்லை என்று கேட்டேன். "அதுக்கு எங்க பூஜை பண்ணியிருக்கோம்?" என்றாள் அம்மா. பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டில் நாங்கள்தான் இதைச் சாமி என்கிறோம், பழைய சாமான் எடுக்கும் பங்கார்வாலாவுக்கு இது வெறும் பிளாஸ்டிக். ஒரு தடவை பழைய பேப்பர் எடுக்க வந்தவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார், பக்கத்தில் கிடந்த அடாப்டரைத் தூக்கிப் பார்த்ததும்தான் முகம் மலர்ந்தது. உள்ளே டிரான்ஸ்பார்மர், அதாவது செம்புக் கம்பி. "இதை மட்டும் குடுங்க, அதை நீங்களே வச்சுக்கோங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். இப்போதும் வரும்போதெல்லாம் அடாப்டரை நலம் விசாரிக்கிறார்.

இடையில் ஒரு தடவை படம் வராமல் போய், லாமிங்டன் ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த பெரியவரிடம் கொண்டுபோனேன். திறந்தார். காய்ந்த சந்தனம் சில்லுச் சில்லாக மேஜையில் கொட்டியது, கூடவே மஞ்சள் அரிசி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, இது கம்ப்யூட்டரா, நைவேத்தியமா என்று இந்தியில் கேட்டார். ஆனாலும் கண்டன்சர்களை மாற்றி, ஆன்டெனாவுக்குப் போகும் தகரப் பெட்டியின் வேலையை நிறுத்தி, மஞ்சள் ஏவி வயரில் நேராகப் படம் வரும்படி செய்து கொடுத்தார். அரிசியைத் தனியாக ஒரு பொட்டலம் கட்டியும் கொடுத்தார், பூஜை அரிசியை எறியக் கூடாதாம்.

சரி, இந்த வருஷக் கதைக்கு வருகிறேன்.

நவராத்திரி ஆரம்பித்ததும் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று இறக்கினேன். முதல் தடை, புது டிவியில் மஞ்சள் துளையே இல்லை, எல்லாம் எச்டிஎம்ஐ. மறுபடி லாமிங்டன் ரோடு, ஏவியை எச்டிஎம்ஐ-யாக மாற்றும் குட்டிப் பெட்டி, அது தீப்பெட்டி சைஸில் சல்லிசாகவே கிடைத்தது. படம் வந்தது. இரண்டாவது தடை, ஹெச், ஜே, கே, எல், என்டர் ஐந்தும் வேலை செய்யவில்லை. தெரிந்தவர்களுக்கு உடனே புரியும், அந்த ஐந்துக்கும் ஒரே வழிதான், கீகளுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டின் வால் காய்ந்து விரிசல் விட்டால் ஐந்தும் சேர்ந்தே போகும். என்டர் இல்லாமல் பிள்ளையாரே வந்தாலும் ஒன்றும் பண்ண முடியாது.

இதை எதிர்பார்த்து ஒரு புது ஷீட்டை முன்பே இங்கிலாந்திலிருந்து வரவழைத்து வைத்திருந்தேன். இந்த மிஷினை விரும்புகிறவர்களுக்காக இன்னும் அதைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பீரோவில் பார்த்தேன், இல்லை. லாஃப்டில் இல்லை. மனைவியிடம் "கண்ணாடி மாதிரி இருக்கும், வெள்ளிக் கோடு போட்டிருக்கும்" என்று அடையாளம் சொன்னதும் அவள் முகம் மாறியது. நேராகச் சமையலறைக்குப் போய், ஊறுகாய் ஜாடி வரிசையைத் தூக்கி, அடியில் விரித்திருந்ததை உருவிக்கொண்டு வந்தாள். "அளவு சரியா இருந்துச்சுங்க, நல்ல கனமாவும் இருந்துச்சு" என்றாள். உண்மையில் அது நல்ல ஷெல்ஃப் ஷீட்தான், எண்ணெய் இறங்கவே இல்லை, கோடெல்லாம் இரண்டு அடுக்குக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. வாலை மட்டும் ஸ்பிரிட் வைத்துத் துடைத்து அன்று ராத்திரியே மாட்டினேன். ஐந்து கீயும் பேசின. திறந்து வைத்திருந்த நேரம் முழுக்க வீட்டில் எலுமிச்சங்காய் ஊறுகாய் வாசனை.

விஜயதசமி காலையில் நான் குளிக்கப் போயிருந்தேன். ஐரோலியில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் என் மச்சினன் வந்திருந்தான், நல்ல பையன், உதவி செய்தே தீருவான். ஸ்பெக்ட்ரம் அடாப்டர் பூக்குவியலுக்கு அடியில் கிடந்திருக்கிறது, இவன் வைஃபை ரௌட்டரின் அடாப்டரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "அத்தான், இதுவே கரெக்டா பொருந்தும் போலயே?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்கிறான். பொருந்தும். அதுதான் வினையே. ஸ்பெக்ட்ரத்துக்கு வேண்டியது 9 வோல்ட், ஊசியின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். ரௌட்டருடையது 12 வோல்ட், அதோடு அப்படியே தலைகீழ். செருகி சுவிட்சைப் போட்டால் இந்த விஜயதசமியோடு எல்லாம் முடிந்தது. சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு நான் ஹாலுக்கு ஓடிவந்த காட்சியை அம்மாவைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டி முழுசாகப் பார்த்தார். கையில் தசராத் தங்கமாகக் கொடுக்க ஆப்டா இலை கொண்டு வந்திருந்தார், அதைக் கொடுக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

அப்புறம் உடை மாற்றி, சரியான அடாப்டரைத் தேடி எடுத்து, அம்மா எண்களைச் சொல்லச் சொல்ல அடித்து, 43 இஞ்ச் திரையில் 'உ' வந்தது. மச்சினன் இதற்குத்தானா இவ்வளவு ஓட்டம் என்று பார்த்தான். ஆனால் அம்மா அன்றைக்கு அதோடு விடுவதாக இல்லை. கோயிலுக்குக் கொடுக்க அவள் ஸ்ரீராமஜெயம் எழுதிக்கொண்டிருக்கிறாள், இப்போது கை நடுங்குகிறது, "'உ' போடுறது ஸ்ரீராமஜெயமும் போடுமால?" என்று கேட்டாள். ஏன் போடாது, எழுத்தையெல்லாம் வரைந்தாலும் அந்த 21 இடத்துக்குள் அடங்கிவிடும், திரும்பத் திரும்பப் போடச் சொல்ல ஒரு வரி போதும்.

"மிஷின் எழுதினா புண்ணியம் யாருக்கு?" என்று மச்சினன் பாயின்ட்டைப் பிடித்தான். என் மனைவி உடனே, கரன்ட் பில் கட்டுகிறவர்களுக்கு என்றாள், அதாவது அவளுக்கு. நான் விளக்கினேன், இந்த மிஷின் ஒரேயடியாகப் போட்டுக்கொண்டு போகாது, 22 வரி நிரம்பியதும் நின்று 'ஸ்க்ரோல்?' என்று கேட்கும், யாராவது ஒரு கீயை அழுத்தினால்தான் அடுத்த பக்கம்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்போ நான்தானே அழுத்தப் போறேன்" என்றாள்.

இப்போது ஹாலில் தினமும் சாயங்காலம் அது நடக்கிறது. சீரியல் பார்க்க டிவி வேண்டும் என்று மனைவி இன்னொரு டிவிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறாள், மஞ்சள் துளை உள்ளதாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.