பேட்ச் மேல் விழும் பாதை

தர்மபுரிப் பக்கத்துத் தெருக்கூத்துப் பதிவுகள் ஒரே ரகமாக வந்து சேர்வதில்லை. முகவீணை என்ற சிறு குழல் போனில் பிடித்ததாக இருக்கும், பம்பை மேளம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், ஒகேனக்கல் அருவி இரைச்சல் தனி ரெக்கார்டரில் 48,000 ஹெர்ட்ஸில் இருக்கும். எல்லாம் ஒரே பென் டிரைவில். ப்யூர் டேட்டா என்பது பெட்டிகளைக் கோட்டால் இணைத்து ஒலி நிரல் கட்டும் மென்பொருள்; அப்படிக் கட்டியதற்குப் பேட்ச் என்று பெயர். அதில் பேட்ச் கட்டுபவர் இவற்றை இழுத்துத் திரையில் போட்டதும் ஒலிக்க வேண்டும் என்றுதான் நினைப்பார்.

ஆனால் போடும்போது நிரலின் கைக்கு வருவது ஒலி இல்லை. வெறும் பாதை, ஒரு சரம் எழுத்து. இந்த இழுத்துப் போடும் வசதியை எழுதும்போது வரும் பிழைகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன.

ப்யூர் டேட்டாவில் திரையைக் கவனிப்பது டிசிஎல்/டிகே என்ற மொழியில் எழுதிய பகுதி. ஒலி எஞ்சின் தனி ப்ராசஸ். இரண்டும் சாக்கெட் என்ற இணைப்பு வழியாக எழுத்துச் செய்திகளில் பேசிக்கொள்கின்றன. அங்கே இடைவெளி சொல்லைப் பிரிக்கும், அரைப்புள்ளி செய்தியை முடிக்கும். ‘கூத்து இரவு 2’ என்ற பெயரை அப்படியே அனுப்பினால் மூன்று துண்டாகப் போய்ச் சேரும். அதனால் இடைவெளி, காற்புள்ளி, அரைப்புள்ளிக்கு முன்னால் காப்புக்குறியாகப் பின்சாய்கோடு (\) சேர்க்க வேண்டும். விண்டோஸ் பாதையிலோ பின்சாய்கோடு ஏற்கெனவே இருக்கிறது. முதலில் அவற்றை முன்சாய்கோடாக மாற்றிவிட்டு, பிறகு காப்புக்குறி போடுங்கள். வரிசை மாறினால் போட்ட காப்பும் சேர்ந்து மாறிவிடும்.

லினக்ஸில் பாதை சதவீதக் குறிகளோடு வரும். ஒரு தமிழ்க் குறி மூன்று பைட், பைட்டுக்கு ‘%E0’ போல மூன்று வீதம் ஒன்பது எழுத்து. முழுவதையும் பைட்டாக அவிழ்த்த பிறகே யூடிஎஃப்-8 ஆக, அதாவது யூனிகோடைப் பைட்டில் எழுதும் முறைப்படி, படிக்க வேண்டும்.

தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ‘கொம்பு’ என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பிரித்தே வைக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நிரலுக்கு அவை இரண்டு பெயர். ‘ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டதா’ என்ற சோதனை இங்கே தவறும். ஒப்பிடுவதற்கு மட்டும் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். திறப்பதற்கு, வந்த பெயரை வந்தபடியே கொடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸ் ‘அப்படி ஃபைல் இல்லை’ என்று கைவிரித்துவிடும்.

பாதை சரியானாலும் அங்கே என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. பின்னொட்டை நம்ப வேண்டாம். வேவ் என்றால் முதல் நான்கு பைட் ‘ரிஃப்’ (RIFF) என்றிருக்கும். வாட்ஸ்அப் குரல் பதிவைப் பெயர் மாற்றி வைத்திருந்தால் ‘ஓஜிஜிஎஸ்’ (OggS) என்றிருக்கும். ஒலி ஃபைலை அரே என்ற நினைவகப் பட்டியலில் ஏற்றும் பெட்டி சவுண்ட்ஃபைலர். அது சாம்பிள் வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்பதை, மாற்றித் தராது. 48,000-இல் பதிந்ததை 44,100-இல் ஓட்டினால் ஐந்து கட்டைச் சுருதி முகவீணை நாலுக்கும் நாலரைக்கும் நடுவே இறங்கிவிடும். வாசித்தவர் கேட்டால் சண்டைக்கே வருவார். போட்ட உடனே வேகத்தைப் படித்து எச்சரிப்பது நல்லது.

அளவுதான் அடுத்த கண்ணி. சவுண்ட்ஃபைலர் ஒலி ஓடும் அதே த்ரெட்டில், அதாவது அதே வேலை வரிசையில், படிக்கிறது. ஒலியை எஞ்சின் 64 சாம்பிள் கொண்ட கட்டங்களாகக் கணக்கிடும். 44,100-இல் கட்டம் ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 1.45 மில்லிசெகண்டு, பெரிய ஃபைல் விழுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஒலி அறுந்துபோகும். 64 பிட் கணினியில் அரேயின் ஒரு சாம்பிளுக்கு 8 பைட். விடிய விடிய நடக்கும் கூத்தில் எட்டு மணி நேரத்தை ஸ்டீரியோவில் ஏற்றினால் 20 ஜிபியைத் தாண்டும். அது போகட்டும், ஆறு நிமிடம் இருபது விநாடி தாண்டினாலே, அதாவது 1,67,77,216 சாம்பிளுக்கு மேல், ஒற்றைத் துல்லிய (32 பிட்) எண்ணால் ஒவ்வொரு சாம்பிளையும் தனித்தனியாகச் சுட்ட முடியாது. ஆகவே சில நிமிடத்துக்குட்பட்டது அரேயில். நீளமானது தனி த்ரெட்டில் வட்டிலிருந்து படிக்கும் ரீட்எஸ்எஃப் பெட்டியில். இந்த முடிவைப் பயன்படுத்துபவர் தலையில் கட்டாமல், போடும்போதே நிரல் நீளத்தைப் பார்த்து எடுக்கட்டும்.

எங்கே போட்டார்கள் என்பதற்கும் பொருள் உண்டு: வெற்றிடத்தில் விழுந்தால் புதுப் பெட்டி, அரே மேல் விழுந்தால் உள்ளடக்கம் மாறும். ஐந்து ஃபைலை ஒன்றாகப் போட்டாலும் ஒரே அன்டூவில் எல்லாம் போக வேண்டும்.

கடைசியில் பென் டிரைவ். அதைப் பிடுங்கினதும் பாதை செத்துவிடும். ஃபைலைப் பேட்ச் இருக்கும் ஃபோல்டரில் நகலெடுத்து, சார்புப் பாதையை, அதாவது அந்த ஃபோல்டரிலிருந்து தொடங்கும் பாதையை, எழுதி வைப்பதே பாதுகாப்பு. ஆனால் இன்னும் சேவ் செய்யாத பேட்சுக்கு ஃபோல்டரே இல்லை. அங்கே முதலில் சேவ் செய்யச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் நகலெடுக்க வேண்டும்.