மழைக்கு ஜெபித்தால் பனையேறி என்ன செய்வார்?

இறையியல் கல்லூரியில் பிரசங்கக் கலைக்குத் தனிப் பாடம் உண்டு. வசனத்தைப் பிரித்து, மூன்று தலைப்பில் கட்டி, கடைசியில் முடிச்சுப் போடப் பழக்குவார்கள். கற்பிக்க வேண்டும், மகிழ்விக்க வேண்டும், கேட்பவர் மனத்தை அசைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ரோமப் பேச்சாளர் சிசரோவிடமிருந்து ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டின் சபைக்கு எடுத்துக்கொண்ட கோட்பாடு அது. வழிபாட்டு முறைகள் பற்றிய வகுப்போ மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கும். பாதிப் பேர் தூங்கி வழிவோம். கிராமச் சேகரத்துக்கு (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பு) வந்த பிறகு எனக்கு அதிகம் கைகொடுத்தது அந்த மதிய வகுப்புதான்.

என் சேகரம் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம். பல ஊர்ச் சபைகளுக்கு நான் ஒருவன்தான் குருவானவர். நான் போக முடியாத ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார் (இப்போது சபை ஊழியர் என்கிறோம், ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை). அவருடைய பிரசங்கம் நீளம் என்று சிலர் முணுமுணுப்பார்கள். ஆனால் ஆராதனை சரியாக இல்லை என்று எவரும் சொன்னதில்லை. பாவ அறிக்கை, வேதபாடங்கள், விசுவாசப் பிரமாணம், ஊருக்காகவும் பிறருக்காகவும் ஜெபிக்கும் மன்றாட்டு என எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். பேசுகிறவர் யாராக இருந்தாலும் அந்த ஒழுங்கு ஆராதனையைத் தாங்கிவிடுகிறது.

மன்றாட்டைச் சபை எவ்வளவு கூர்மையாகக் கேட்கிறது என்பதை ஒரு கோடையில் பார்த்தேன். கிணறுகள் வற்றிக் கிடந்ததால் மழைக்காக உருக்கமாகவே ஜெபித்தேன். ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது பனையேறும் பெரியவர் ஒருவர், “மழைக்குக் கேட்டிய, சரிதான் ஐயா. பதநீர்க் காலத்துல மழ விழுந்தா பனையேறி என்ன செய்வான்?” என்றார். கலயத்தில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டால் அன்றைய பதநீர் போச்சு, கருப்பட்டியும் போச்சு. மழை ஈரத்தில் மரம் ஏறுவது உயிருக்கே ஆபத்து. அன்றைய பிரசங்கத்தில் நான் சொன்ன மூன்று தலைப்புகளைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கிணற்றுக்காரருக்கும் பனைக்காரருக்கும் சேர்த்து ஜெபிக்க வார்த்தை தேடினேன். பிரசங்கம் எழுதுவதைவிட அது கடினமாக இருந்தது.

எங்கள் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று தனித்தனி மரபிலிருந்து வந்தவர்கள் ஒரே பந்தியில் உட்கார ஒரு முறைமை தேவைப்பட்டது. 1950-ல் வந்த, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை முறைமை அதற்காக எழுதப்பட்டதுதான். உலகம் முழுவதும் வழிபாட்டறிஞர்கள் அதைக் கவனித்தார்கள். அதில் எனக்குப் பிடித்த பகுதி சமாதானம் கொடுப்பது. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்திலிருந்து எடுத்தது. கொடுப்பவர் தன் வலக்கையை வாங்குபவரின் வலக்கையோடு சேர்ப்பார். இருவரும் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூடிக்கொள்வார்கள். பீடத்தில் தொடங்கி கடைசி வரிசை வரை அது கை மாறிப் போக வேண்டும்.

நம் ஊரில் யார் கையை யார் தொடுவது என்பதற்குப் பெரிய கதையே உண்டு. சாதி கூடாது என்று நான் அரை மணி நேரம் முழங்கினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடியுங்கள் என்னும்போதுதான் யார் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும். கொரோனாவுக்குப் பிறகு அந்த இடத்தில் எங்கள் சபைகளில் கும்பிடு வந்துவிட்டது. நோய் போனபின்னும் கும்பிடு போகவில்லை. சிலருக்கு அது வசதியாக இருக்கிறது என்பது என் சந்தேகம்.

இப்போதைய நெருக்கடி வேறு. பிள்ளைகள் யூடியூபில் பெரிய பெரிய பிரசங்கியார்களைக் கேட்கிறார்கள். அவர்கள் அளவுக்கு என்னால் பேச முடியாது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்தப் பேச்சில் நல்லது நிறைய உண்டு. ஆனால் அந்தப் பிரசங்கியாருக்கு இந்த ஊர்ப் பனையேறியைத் தெரியாது. பாட்டிலும் கீபோர்டும் ரிதம் பேடும் வந்துவிட்டன, வரட்டும். திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனையை, எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டி சரணம் தவறாமல் பாடும்போது பையன்கள் தாளம் பிடிக்கத் திணறுவதைப் பார்ப்பது ஒரு சந்தோஷம்.

அதனால் என் வார வேலை மாறிவிட்டது. பிரசங்கத்தை வெள்ளிக்கிழமையே முடித்துவிடுவேன். சனிக்கிழமை உபதேசியாரோடு தெருத்தெருவாகப் போவேன். யாருக்கு டயாலிசிஸ், யார் மகன் துபாயிலிருந்து வேலை இழந்து திரும்பினான், யாருக்குப் பேறுகாலம் என்று குறித்துக்கொள்வேன். எல்லாவற்றையும் சபையில் சொல்ல முடியாது. சொல்லலாமா என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்வோம். வேண்டாம் என்றால் பேரை விட்டுவிட்டுப் பொதுவாக ஜெபிப்பேன், உரியவருக்குப் புரியும்.

போன சேகரக் கமிட்டியில், ஜெபம் நீண்டு ஆராதனை இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது, கொஞ்சம் குறைக்கலாமே என்றார் ஒருவர். ஜெபம் அப்படியே இருக்கட்டும், பிரசங்கத்தைப் பதினைந்து நிமிடத்துக்குக் குறைத்துக்கொள்கிறேன் என்றேன். ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை.