இடது மூக்கு மட்டும்

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம், புதுமனை என்று பெரிய சமையலுக்குப் போகிறவன் நான். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. ரசம் கூட்டினால் உப்பைக்கூட ஆவியை மோந்தே சொல்லிவிடுவேன் என்று பெருமை அடித்துக்கொண்டவன்.

கானாடுகாத்தானில் ஒரு சாந்தி வீடு. சட்டியில் கல்பாசியும் மராட்டி மொக்கும் வறுத்துக்கொண்டிருந்தேன். கருகியதே எனக்குத் தெரியவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பையன், "அண்ணே, தீயுது!" என்று கத்தினான். உள்ளிருந்து ஆச்சி வந்து, "முகப்பு வரைக்கும் வாடை வருது, சட்டிக்கு முன்னாடி நிக்கிற உனக்குத் தெரியலையாப்பா?" என்றார்கள்.

அதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே இடது மூக்கு அடைப்பு. சிந்தினால் எப்போதாவது ரத்தக்கோடு. ஒரு டாக்டர், அடுப்புப் புகை, மிளகாய்த் தூள் நெடி, அலர்ஜி என்று ஸ்ப்ரே கொடுத்தார். நானும் அதையே அடித்துக்கொண்டிருந்தேன். அலர்ஜி என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் அடைக்குமாம். ஒரே பக்கம் மாதக்கணக்கில் அடைத்து, ரத்தமும் வந்தால் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்பது எனக்கு மதுரை போன பிறகுதான் தெரிந்தது.

மதுரையில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா எண்டோஸ்கோப் விட்டார். திரையில், மூக்கின் கூரைப் பக்கம், பன்னீர் திராட்சை மாதிரி ஒன்று தொங்கியது. உடனே துண்டு எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். "முதல்ல ஸ்கேன். அது எங்கே ஒட்டியிருக்குன்னு தெரியாம கை வைக்க மாட்டேன்" என்றார். சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் முடிந்த பிறகுதான் பயாப்ஸி.

ரிப்போர்ட்டில் ‘சிறிய உருண்டைச் செல் கட்டி’ என்று இருந்தது. அது முடிவான பெயர் இல்லை. மைக்ராஸ்கோப்பில் லிம்போமா, மெலனோமா, இன்னும் சில புற்றுநோய்களும் இதே மாதிரி தெரியலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. மச்சான், "நாளைக்கே ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க" என்று குதித்தார். டாக்டரம்மா அசையவில்லை. "இதை அதிகம் பார்த்த இடத்துல மறுபடி படிக்கட்டும்" என்றார்.

மெழுகுக்குள் பதித்த என் சதைத் துண்டை ‘பிளாக்’ என்கிறார்கள். கல்கண்டுக் கட்டி அளவுதான் இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விடியக்காலைப் பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போனேன். திருச்சி வரைக்கும் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். சினாப்டோஃபைசின் மாதிரிச் சாயங்கள் போட்டுப் பார்த்து, பதினொரு நாள் கழித்துப் பெயர் வந்தது: எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமா. ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா என்றும் சொல்கிறார்கள். 1924இல் பிரான்ஸில் முதன்முதலாக எழுதி வைத்திருக்கிறார்கள். பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருவருக்குக்கூட வராத புற்றுநோய்.

சென்னை டாக்டர் படம் போட்டுக் காட்டினார். மூக்கின் கூரையில் ஓட்டை ஓட்டையாக ஒரு மெல்லிய எலும்பு. அதன் வழியாகத்தான் வாசனை நரம்புகள் மூளைக்கு ஏறுகின்றன. "இடியாப்ப அச்சு மாதிரியா சார்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அந்த அச்சுக்குக் கீழே, வாசனையை வாங்குகிற தோலில்தான் இந்தக் கட்டி முளைக்கிறது. மேலே ஏறினால் மூளை, பக்கத்தில் கண். கட்டி மூக்கோடு நின்றால் ஏ நிலை, சைனஸ் அறைகளுக்குப் போனால் பி, அதையும் தாண்டினால் சி. 1976இல் கேடிஷ் என்ற டாக்டர் வகுத்த கணக்கு. எனக்கு பி.

"வாசனை?" என்று கேட்டேன். ஒரு பக்க நரம்பை விட்டுவைக்க முடிகிறவர்களும் உண்டாம். என் கட்டி நடுச்சுவரின் மேல்பகுதியைத் தொட்டுவிட்டது. "ரெண்டு பக்கமும் போகும் மாஸ்டர்" என்றார். அன்று ராத்திரி லாட்ஜில் என் மனைவி காப்பி வாங்கி வந்தாள். வலது மூக்கை மட்டும் டம்ளருக்கு மேலே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஆபரேஷன் ஏழு மணி நேரம், மூக்கு வழியாகவே. மூக்கு டாக்டரும் மூளை டாக்டரும் சேர்ந்து செய்தார்கள். எலும்பையும் அதற்கு மேலுள்ள மூளை உறையையும் எடுத்துவிட்டு, தொடையிலிருந்து ஜவ்வு எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் கஷ்டம். மூக்குச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, முக்கக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டினாலோ, தொண்டையில் உப்புக் கரித்தாலோ உடனே சொல்ல வேண்டும். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ஒரு நாள் உப்புக் கரித்தது. பதறிப்போய்க் காட்டினேன். நல்லவேளை, ஒன்றுமில்லை.

அப்புறம் ரேடியேஷன். தொடங்கும் முன் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். ரேடியேஷனுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். அதனால் இரண்டு கடைவாய்ப் பல்லை முன்கூட்டியே எடுத்தார்கள். முகத்துக்கு அச்செடுத்த வலை முகமூடியை மேஜையோடு பூட்டுவார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், முப்பது தடவை. முடிந்து வெளியே வரும்போது நெற்றியில் அச்சு முறுக்கு மாதிரித் தடம் இருக்கும். செலவில் பெரும்பகுதியை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தாங்கியது. அறை வாடகைக்குப் பெரிய அண்டா இரண்டை விற்றேன்.

இப்போது மூன்று வருஷம். தினமும் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுகிறேன். இல்லாவிட்டால் உள்ளே பொருக்குத் தட்டுகிறது. பத்து வருஷம் கழித்துக்கூடத் திரும்ப வரக்கூடிய நோய் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுப்பதை நிறுத்துவதில்லை, கழுத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

வேலைக்குப் போகிறேன். கேஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது என்பதால் அலாரம் ஒன்று எப்போதும் என்னோடு வரும். மசாலாவைச் சத்தத்தில் பிடிக்கப் பழகிவிட்டேன்: மல்லி படபடப்பது வேறு, சோம்பு வேறு. கல்பாசிக்கு மட்டும் சத்தமே கிடையாது. அதை வறுக்கும்போது அந்தப் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். "இப்ப இறக்குங்கண்ணே" என்பான். இறக்குவேன்.