20 மி.மீ. ஷாக் செஞ்ச வேலை: தூக்குக்குண்டு வச்சு டிரெயில் அளந்த கணக்கு

டிரெயில், அதாவது ஸ்டீயரிங் அச்சை நீட்டினா தரையைத் தொடுற இடத்துக்கும் முன் ஆக்சிலுக்கு நேர் கீழ இருக்குற இடத்துக்கும் உள்ள தூரம், 97 மி.மீ.க்குத் திரும்பி வந்தாச்சு. வண்டி பழைய 100 சிசி, 18 அங்குல வீல், முன்னால 2.75 டயர், வீல்பேஸ் 1,230. பணகுடி காத்துல 80ல போனாலும் ஹேண்டில் பேசாம நிக்குது. ஆனா 60ல இருந்து ஆக்சிலேட்டரை விட்டு வேகம் இறங்கும்போது கையைத் தளர்த்தினா வர்ற நடுக்கம் மட்டும் சவம் இன்னும் போகல. அது ஜியாமெட்ரி கோளாறு இல்ல, கோன் செட் (ஹேண்டில் திரும்புற கழுத்துல குண்டும் கப்பும் சேர்ந்த பேரிங்). அந்தக் கதை பின்னால வருது.

ஆரம்பம் பின் ஷாக். ஆள் ஏறி உக்காந்தா மட்கார்டு டயர்ல உரசுதுன்னு, கம்பெனி அளவை விட 20 மி.மீ. நீளமான ஷாக் மாட்டியாச்சு. ஷாக் மாட்டுற இடம் ஆக்சிலுக்கு முன்னால, அதுவும் சாய்வா இருக்குறதால ஆக்சில்கிட்ட அது 23 மி.மீ. ஆயிடும். 23ஐ வீல்பேஸால வகுத்துப் பாத்தா 1.07 டிகிரி. அவ்வளவு தூரம் வண்டி மூக்கு குத்திப் போச்சு. இது போதாதுன்னு, "திருப்ப லேசா இருக்கும்"னு கேட்டு ஃபோர்க் பைப்பை டீக்கு (ரெண்டு பைப்பையும் பிடிச்சிருக்குற கிளாம்ப்) மேல 10 மி.மீ. தூக்கி விட்டது இன்னொரு 0.4 டிகிரி. ரேக் (நட்டக்கோட்டுல இருந்து ஸ்டீயரிங் அச்சு சாயுற கோணம்) 26.5ல இருந்து 25க்கு வந்துட்டு, டிரெயில் 97ல இருந்து 88.

இந்த வண்டிக்கு ஒரு டிகிரி ரேக் மாறினா டிரெயில் 6 மி.மீ. மாறும். மனசுல வச்சுக்கிட்டா பாதிக் கணக்கு வாயிலேயே போடலாம். முன்னால 18க்குப் பதிலா 17 அங்குல வீல் போடுறவங்களுக்கும் இதே கதைதான். ஆரம் 12 மி.மீ. குறையுதுன்னா அதுல நேரா 6 போகும். முன்பக்கம் 12 இறங்கின சாய்வுல இன்னொரு 3 போகும். மொத்தம் 9, கிட்டத்தட்ட ஷாக்கும் ஃபோர்க்கும் சேர்ந்து செஞ்ச அதே சேதாரம்.

88ங்கிறதே தப்பான எண் இல்ல. அந்த அளவுல ஓடுற ஸ்போர்ட்ஸ் வண்டிகள் உண்டு. ஆனா அதோட ஃபோர்க்கும் சேசும் விறைப்பு. இது 30 மி.மீ. பைப், பழைய ஸ்விங் ஆர்ம் புஷ். பாபநாசத்துல இருந்து காரையாறு ஏறுற வளைவுகள்ல சொன்ன பேச்சு கேட்டுது, பொய் சொல்லக் கூடாது. நாலுவழிச் சாலையில வள்ளியூர் தாண்டினதும்தான் குட்டு வெளிப்பட்டுது. தெக்க போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து வலப்பக்கம் அடிக்கும். அதுக்கு ஈடா வண்டி வலது பக்கம் சாய்ஞ்சே ஓடும். அந்த நேரம் வலப்பக்கம் பஸ் ஒண்ணு முந்திப் போனா காத்து சட்டுன்னு அடைபடும், வண்டி பஸ் பக்கமே இழுக்கும். பஸ் போனதும் காத்து திரும்ப அறையும். 97ல இது ஒரு தள்ளு, அவ்வளவுதான். 88ல ஹேண்டில் ரெண்டு மூணு தரம் ஆடி அடங்குச்சு. ஆனி, ஆடியில சோதிச்சாதான் இது தெரியும், மார்கழியில எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

இனி அளக்குற விஷயம். மூணு நாள் தின்னது இதுதான்.

மொட்டை மாடியில அளக்காதீங்க. தண்ணி வடிய வாட்டம் விட்டிருப்பாங்க, அது அப்படியே ரேக்ல வந்து ஏறும். வீட்டுக்குள்ள டைல்ஸ் தரை, ரெண்டு டயர் நிக்குற இடத்துலயும் ரசமட்டம் வச்சுப் பாத்துட்டு ஆரம்பிக்கணும். சென்டர் ஸ்டாண்டு கூடாது. ஒருத்தர் சீட்ல உக்காந்திருக்கணும், இன்னொருத்தர் வண்டியை நட்டமா பிடிக்கணும், காத்து அளவு சரியா இருக்கணும். முன் ஆக்சில் மையத்துல இருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில ஒரு கோடு. ஃபேன் காத்துல கூட குண்டு ஆடும். பழைய இன்ஜின் ஆயில் டப்பாவுக்குள்ள குண்டை முக்கி விட்டா அரை நிமிஷத்துல நின்னுடும்.

ரேக் கோணத்துக்கு டிகிரி மீட்டர் வேண்டியதில்ல. ஃபோர்க் பைப் மேல் நுனியில இருந்து நூலைத் தொங்கவிட்டு 500 மி.மீ. கீழ வந்து, அங்க இருந்து பைப் மையத்துக்குக் கிடைமட்டமா அளந்தா 249. இதுதான் 26.5 டிகிரி. இதுல 1 மி.மீ. தப்பினா 0.1 டிகிரிக்குள்ளதான் தப்பும். போன் ஆப் ஒவ்வொரு தடவையும் ஒரு எண் சொன்னுச்சு.

அப்புறம் ஆஃப்செட், அதாவது ஸ்டீயரிங் அச்சுக்கு முன்னால ஆக்சில் தள்ளி இருக்குற தூரம். மேல் டீயில ரெண்டு பைப் மையத்தையும் சேர்க்குற கோட்டுல இருந்து ஸ்டெம் (ஸ்டீயரிங் அச்சுத் தண்டு) நட் மையம் வரைக்கும் 33 மி.மீ. டயர் ஆரம் 295. கணக்கு தெரிஞ்சதுதான்: ஆரத்தை ரேக்கோட சைனால பெருக்கி, ஆஃப்செட்டைக் கழிச்சு, கொசைனால வகுக்கணும். வந்தது 110. தரையில கோடு போட்டு அளந்தா 97. ரெண்டு நாள் கோட்டி பிடிச்ச மாதிரி திரும்பத் திரும்ப அளந்தும் அந்த 13 மி.மீ. போகவே இல்ல. கடைசியில பாத்தா, ஃபோர்க் கால் அடியில ஆக்சில் பைப்போட நேர்கோட்டுல இல்ல, 12 மி.மீ. முன்னால இருக்கு. டீயில 33, அடியில 12, ஆக மொத்த ஆஃப்செட் 45. இதை விட்டுட்டு டீயை மட்டும் அளந்து "என் வண்டி டிரெயில் 110"னு சொல்றவங்க நிறைய. முதல்ல ஆக்சிலைப் பாருங்க.

தரைக் கோடும் லேசுல வரல. ஃபோர்க் பைப் ஓரமா நூலை இழுத்துத் தரை வரைக்கும் கொண்டு வந்தா, கீழ கால் தடிமனா இருக்குறதால நூல் முட்டும். ஒவ்வொரு தடவையும் 5 மி.மீ. வித்தியாசம். டைல்ஸ் ஒட்டுற அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட லேசர் லெவல் ஒரு மணி நேரம் வாங்கினதும் வேலை முடிஞ்சுது. லேசரைப் பக்கவாட்டுல வச்சு, சாய்ச்சு, கோடு பைப் மையத்துலயே விழுற மாதிரி நிறுத்தணும். அதே கோடு தரையிலயும் விழும். தரைக் கோடு வண்டிக்குக் குறுக்கா 90 டிகிரியில இருக்கான்னு மூலைமட்டம் வச்சுப் பாக்கணும், இல்லன்னா அளவு பொய். பைப் கோடு ஆக்சில் கோட்டுக்கு 134 முன்னால விழுந்துது. ஸ்டீயரிங் அச்சு பைப்புக்கு 33 பின்னால, சாய்வுக்கு அது தரையில 37. 134ல 37 போனா 97. கணக்கும் 97. இந்தக் குறுக்குவழி பைப்பும் ஸ்டெம்மும் இணையா இருக்குற வண்டிக்கு மட்டும்தான்.

கம்பெனித் தாளைப் படிக்கும்போதும் ஒரு கண்ணி உண்டு. பழைய கேடிஎம் 390 டியூக்குக்கு 65 டிகிரின்னு போட்டிருந்துச்சு. அது தரையில இருந்து எடுத்த கோணம், நம்ம கணக்குக்கு 25. அதே மாதிரி கோணம் குறைஞ்சா டிரெயிலும் குறையும்னு வண்டிக்கு வண்டி ஒப்பிட முடியாது. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வெறும் 24 டிகிரி, டிரெயில் 105.7. ஆஃப்செட்டைச் சின்னதா வச்சா அப்படித்தான் வரும். இந்த இடத்துல "சுத்துற வீல் சாய மறுக்குற கைரோ விளைவுதான் வண்டியை நிமிர்த்தி நிறுத்துது, டிரெயில் எல்லாம் சும்மா"ன்னு ஒருத்தர் கட்டாயம் வருவாங்க. 2011ல டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைரோ விளைவை ரத்து பண்ணி, டிரெயிலையும் இல்லாம ஆக்கி ஒரு சைக்கிளை ஓட விட்டாங்க, அது விழாம ஓடுச்சு. ரெண்டுல எதுவுமே கட்டாயம் இல்ல, எடை எங்க உக்காருதுங்கிறதும் சேர்ந்த விஷயம். அதுக்காக இருக்குற வண்டியில டிரெயிலை இஷ்டத்துக்கு மாத்தலாம்னு ஆகாது.

எடைன்னதும், களக்காடு பக்கம் ரெண்டு வாழைத்தாரைப் பின்னால கட்டிக்கிட்டுப் போற வண்டி. பின்பக்கம் 30 மி.மீ. அமுங்கினா டிரெயில் 105ஐத் தாண்டும், ஆனா முன் டயர்ல எடை குறைஞ்சுடும். அங்க வர்றது வேகமான நடுக்கம் இல்ல, வண்டி மொத்தமா பைய நெளியுறது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு மருந்து மாத்திக் கொடுக்காதீங்க.

சரி பண்ணினது சுருக்கமா: ஃபோர்க் பைப் பழைய கோட்டுக்கு, ஷாக் பழைய நீளத்துக்கு, ப்ரீலோடு (ஷாக் ஸ்பிரிங் இறுக்கம்) மூணாவது படி. உரசல்? மட்கார்டு போல்ட்டோட திருகு முனை டயரைப் பாத்து நீட்டிக்கிட்டு இருந்துச்சு. போல்ட்டைத் தலைகீழா மாட்டினதும் உரசல் போச்சு. இதுக்காகவா அந்த ஷாக்குக்குக் காசு கொடுத்தது!

இப்ப கோன் செட். முன் வீலைத் தூக்கி, கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிளைக் கழட்டி விட்டு ஹேண்டிலைப் பைய திருப்பினா, நேரா வர்ற இடத்துல 'கடக்'னு ஒரு குழியில விழுது. பள்ளத்துல விழுந்த அடியும் பிரேக் அடியும் வாங்கிக் குண்டுகள் கப்புல குழி போட்டிருக்கு, அதுவும் கீழ்க் கப்புலதான் மோசம். இதை இறுக்கித் தீர்க்கப் பாத்தா நடுக்கம் மறையும், ஆனா 20ல போகும்போது வண்டி குடிகாரன் மாதிரி அலையும். டிரெயில் திருத்த நினைக்குற சின்னத் திருப்பத்தை இறுக்கம் விடாது. லூசா விட்டா பிரேக் பிடிக்கும்போது 'டொக்'. கப்பைக் கால் சுத்து திருப்பி அடிச்சா போதும்னு சொல்றதை நம்பி ஒரு தடவை திருப்பியாச்சு, குழி இடம் மாறினதைத் தவிர ஒண்ணும் நடக்கல.

ஜங்ஷன் பக்கக் கடைகள்ல கோன் செட் ரெண்டு தரத்துல வருது. கப் வெளி விளிம்புல சின்ன அரத்தை வச்சுத் தேய்ச்சுப் பாருங்க, வழுக்கினா கெட்டியான இரும்பு. கடிச்சா அதை அங்கேயே வச்சுட்டு வந்துடுங்க. முதல் கடையில கடிச்சுது, ரெண்டாவதுல கீழ்க் கப்பு மட்டும் நல்லது கிடைச்சுது. அதை அடிச்சு, ஏ.பி. 3 கிரீஸ் நிறைய வச்சு, கழட்டின அதே எண்ணிக்கையில குண்டு போட்டாச்சு. இறுக்கத்துக்கு மீன் எடை போடுற ஸ்பிரிங் தராசு: கிரிப் நுனியில மாட்டி இழுத்தா 300, 400 கிராமுக்கு நகரணும். இப்போதைக்கு 350. நடுவுல இருந்து லேசா தட்டினா தானா ஓரத்துக்கு விழுது, குழி பாதிதான் குறைஞ்சிருக்கு.

குண்டுக்குப் பதிலா டேப்பர் ரோலர் பேரிங் போடலாமான்னு ஒரு யோசனை. உயரம் வேறங்கிறதால மேல் நட்டுக்கு எத்தனை திருகு மிஞ்சும்னு அளந்துட்டுத்தான். அலுமினியத்துல 5 மி.மீ. ஆஃப்செட் குறைச்ச டீ ஒண்ணு கடைசல் பிடிக்கவும் வரைபடம் தயார், டிரெயில் 102க்கு மேல வரும். சேஸ் கழுத்தை வெட்டி ரேக் மாத்துற பேச்சே வேண்டாம், வண்டியை மாத்தி அமைக்கிறதைக் கட்டுப்படுத்துற மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, வெல்டிங்கும் அந்த இடத்துல நம்பிக்கையில்ல. மேல் கப்பு வெள்ளிக்கிழமை வரும்னு கடைக்கார அண்ணாச்சி சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் 55க்கு மேல ரெண்டு கையும் ஹேண்டில்ல.