அட்டையில் ஒரு வரி

கண்ணாடிப் பேழைக்குள் வைத்த அட்டையில் நான் எழுதியது இவ்வளவுதான்: "கேப்டன் என்பது டபிள்யூ. ஈ. ஜான்ஸ் தாமாகச் சூட்டிக்கொண்ட பட்டம். விமானப்படையில் அவர் எட்டிய பதவி ஃப்ளையிங் ஆபீசர் மட்டுமே." அந்த 'மட்டுமே' வேண்டியதில்லை. இப்போது தெரிகிறது.

பேழையில் இருந்த, ஜான்ஸ் எழுதிய பிக்கிள்ஸ் என்ற விமானியின் சாகசக் கதைப் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்த பெரியவர், அட்டையைக் குனிந்து படித்தார்.

"இது உங்களுக்கு எப்போது தெரியவந்தது?"

"போன வாரம்."

"எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும்" என்றார். குரலில் கோபமில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்னமும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். தகவல் சரிதான். தரைப்படைக் கணக்கில் ஃப்ளையிங் ஆபீசர் என்பது லெப்டினன்ட். கேப்டனுக்கு ஒரு படி கீழே. நூலகத்தில் வேலை பார்ப்பவன் தெரிந்ததை மறைக்கலாமா? அதுவும் இந்த மனிதர் விஷயத்தில்? 1922-இல் லண்டனில் விமானப்படைக்கு ஆளெடுக்கும் அதிகாரியாக இருந்தபோது, ராஸ் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரைப் பொய்ப்பெயர்க்காரர் என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர் ஜான்ஸ். வந்தவர், முதல் உலகப் போரில் பெயர்பெற்ற பிரிட்டிஷ் அதிகாரியான அரேபியாவின் லாரன்ஸ். மேலிடத்து உத்தரவோடு அவர் மறுபடி வந்த பிறகே வேறு வழியின்றிச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்தவர் பெயரை அப்படித் துருவியவர், பின்னாளில் தம் பெயருக்கு முன்னால் இல்லாத பதவியைப் போட்டுக்கொண்டார். இதை எழுதாமல் வேறெதை எழுதுவது?

எழுத வேறொன்றும் இருந்தது. 1918 செப்டம்பரில் மன்ஹைம் நகர்மீது குண்டு வீசப் போனபோது ஜான்ஸின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உடன் பறந்தவர் இறந்தார். ஜான்ஸ் போர் முடியும்வரை ஜெர்மானியர்களிடம் கைதியாக இருந்தார். அட்டையில் அதற்கும் இடமிருந்தது. எனக்குக் கேப்டன் விவகாரம்தான் ருசித்தது.

என் கல்யாணப் பத்திரிகையில் அப்பா என் பெயருக்குக் கீழே 'நூலகர், லண்டன்' என்று போட்டிருந்தார். அப்போது நான் மணிக்கூலிக்கு, திரும்பி வரும் புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அச்சுக்குப் போகும் முன் எனக்கும் அனுப்பிக் காட்டினார். முகூர்த்த நேரம் சரியா என்று மட்டும் பார்த்தேன். ஆனால் அது குடும்ப விஷயம்; இது பொது நூலகம். இரண்டும் ஒன்றா என்ன?

மறுநாள் வேறு அட்டை எழுதினேன். 'மட்டுமே' போனது, மன்ஹைம் வந்தது. கேப்டனுக்கு மேற்கோள் குறி போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன்.

அடுத்த வாரம் பெரியவர் வந்தார். பேழைப் பக்கம் திரும்பாமல் நேராகச் செய்தித்தாள் மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.