கல்லுக்கு வயது பார்க்கிற வேலை

"கல்லுக்கும் சாதகம் எழுதுறீங்களோ மகள்?" என்று ஊரில் மாமி ஒருவர் கேட்டார். ஏறத்தாழ ஓம். ஆனால் நாங்கள் தேடுவது கல் பிறந்த நேரத்தை அல்ல, அது பனிக்கு வெளியே வந்த நேரத்தை.

அந்தாட்டிக்காவில் பனிக்கட்டி மெலியும்போது, சுமந்துவந்த பாறைகளை மலைச்சரிவில் விட்டுவிட்டு இறங்கிவிடும். அன்றிலிருந்து விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் பட்டுப் பட்டு, பாறையில் உள்ள குவாட்ஸ் என்ற கனிமத்துக்குள் பெரிலியம்-10 என்ற அரிய வகை அணு சேரத் தொடங்கும். கடல் மட்டத்தில் என்றால் ஒரு கிராமுக்கு வருடத்துக்கு நாலு அணு அளவில்தான்.

அந்த நாலைப் பிடிக்கத்தான் இவ்வளவு பாடும். கல்லை உடைத்து, அரித்து, கறுப்புக் கனிமங்களைக் காந்தத்தால் பிரித்து, மிச்சத்தை ஐதான ஐதரோபுளோரிக் அமிலத்தில் நாட்கணக்கில் குலுக்கவிடுவோம். மழையோடு வந்து ஒட்டிய பெரிலியம் அதில் கழன்றுவிடும். அந்த அமிலம் ஐதாக இருந்தால் தோலில் பட்ட உடனே எரியாது. அதுதான் பயம், தெரியாமலே எலும்புவரை போய்விடும். இரட்டைக் கையுறை, பக்கத்திலேயே கல்சியம் குளுக்கோனேற் களிம்பு. கடைசியில் தட்டில் எஞ்சுவது சீனி மாதிரி வெள்ளை மணல். அதையும் கரைத்து, பெரிலியத்தைப் பிரித்து, அணுக்களை எண்ணும் ஆர்முடுக்கி இயந்திரத்துக்கு அனுப்புவோம்.

இயந்திரம் தரும் எண்ணைப் பலர் வேதவாக்காக எடுப்பார்கள். எனக்கு, கல்லைப் பொறுக்கியவரின் களக் குறிப்பேட்டில்தான் நம்பிக்கை. ஒரே மேட்டில் பக்கத்துப் பக்கத்துக் கற்களில் ஒன்று பத்தாயிரம் வருடம் என்னும், மற்றது லட்சத்தைத் தாண்டும். கடுங்குளிர்ப் பனி தரையோடு உறைந்து கிடப்பதால் பாறையைச் சுரண்டாது. முன்னொருமுறை வெளியே கிடந்த காலத்தில் சேர்ந்த பெரிலியம் அப்படியே இருக்கும். அப்போதுதான், அதே கதிர்களால் குவாட்ஸில் உண்டாகும் அலுமினியம்-26 கைகொடுக்கும். பெரிலியத்தைப் போல ஏழு மடங்களவு உண்டாகி, இரு மடங்கு வேகத்தில் தேயும். பெரிலியத்துக்கு அலுமினியத்தின் விகிதம் அந்த ஏழைவிடக் குறைந்திருந்தால், கல் இடையில் நெடுங்காலம் பனிக்குள் புதைந்திருக்கிறது.

மட்டக்களப்பு வந்தாறுமூலையில் மாணவர்களோடு பேசக் கிடைத்தது. "பனியே இல்லாத எங்கட ஊருக்கு இதால என்ன மிஸ்?" என்றான் ஒருவன். ஏறத்தாழ 20,000 வருடங்களுக்கு முன் கடல் இன்றைவிட 120 மீற்றரளவு கீழே கிடந்தது, அந்தத் தண்ணீரெல்லாம் பனியாகத்தான் இருந்தது என்றேன். அது எவ்வளவு வேகமாக உருகியது என்று தெரிந்தால்தான், இனி உருகப்போவதைக் கணக்கிடும் கணினி மாதிரிகளைச் சரிபார்க்கலாம். வாவி நடுவே கிடக்கும் புளியந்தீவில் இருப்பவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"தாந்தாமலைக்கு வயசு பார்க்கலாமா?" என்றாள் ஒருத்தி, மட்டக்களப்புப் பக்கத்துப் பாறைமலையை நினைத்து. நல்ல கேள்வி. மழை அரித்துக்கொண்டே இருக்கும் இடத்தில் பெரும்பாலும் கிடைப்பது அரிப்பின் வேகம்தான். மகாவலியின் மேற்பகுதி ஆற்றுமணலில் இதே பெரிலியத்தை அளந்து, பயிர்ச்செய்கை மண்ணரிப்பை எவ்வளவு கூட்டியது என்று 2003இலேயே எழுதிவிட்டார்கள். முதலில் அதை வாசி, அந்தாட்டிக்காவை மறுகா பார்ப்போம் என்றேன்.