ஜி கம்பி

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் நான் வேலை பார்க்கும் கடைக்கு எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள். "அண்ணே, சுதி நிக்க மாட்டேங்குது. கீ போயிருச்சு போல." கீ என்பது தலையில் கம்பியை முறுக்குகிற திருகு. இத்தனை வருஷத்தில் நிஜமாகவே கீ போயிருந்த கிட்டார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பெரும்பாலும் கோளாறு நட்டில் இருக்கும். கழுத்தும் தலையும் சேருமிடத்தில் கம்பி படுத்திருக்கிற பள்ளம் அது. பள்ளம் இறுக்கமாக இருந்தால் கீயைத் திருப்பத் திருப்பக் கம்பி அடம்பிடிக்கும், பிறகு 'டிங்' என்று ஒரே தாவாகத் தாவும். வாசிக்கும்போது கம்பியை வளைத்து விட்டாலும் இதே கதைதான்; போன இடத்திலிருந்து முழுசாகத் திரும்பி வராது. கம்பியைத் தளர்த்திவிட்டுப் பள்ளத்தில் பென்சிலால் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும், அந்தக் கரி வழுக்கிக் கொடுக்கும். பென்சில் தீட்டியதற்கு என்ன கூலி கேட்பது என்பதுதான் இந்தத் தொழிலில் இன்னும் எனக்கு விளங்காத கணக்கு.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாஸ்டர் கிட்டார்க்காரர் இல்லை. ஹார்மோனியம், பியானோ ரிப்பேர் பார்த்தவர். முதல் ஆறு மாசம், சுதி சேர்ந்தால் பச்சை விளக்குக் காட்டுகிற ட்யூனர் கருவியைத் தொடவிடவில்லை. தட்டினால் 440 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 440 தடவை, அதிர்கிற ஒரு ட்யூனிங் ஃபோர்க்கைக் கையில் கொடுத்தார். ஏ கம்பியை, கழுத்தில் குறுக்கே பதித்த ஐந்தாவது கட்டைக்கு (ஃப்ரெட்) நேரே விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு ஒலி வரும். கம்பி 110-இல் இருந்தால் அந்த ஒலி அதன் நாலு மடங்கு, சரியாக 440. ஃபோர்க்கோடு சேர்த்துக் கேட்டால், சேராதவரை 'வவ்... வவ்...' என்று அலை அடிக்கும். நொடிக்கு எத்தனை அலையோ அத்தனை ஹெர்ட்ஸ் வித்தியாசம். சேரச் சேர அலை நீண்டு ஓய்ந்துபோகும். "சத்தத்தக் கேக்காதடா, அலையக் கேளு" என்பார். தம்புராவுக்குச் சுதி சேர்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை.

அவரையே ஒரு தடவை திணறடித்தது ஸ்ட்ராட் மாடல் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று. தடித்த ஈ கம்பி தனியாக மீட்டினாலும் தனக்குத்தானே அலையடித்தது. ஒற்றைக் கம்பி எதோடு சேராமல் போகும்? அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால், கம்பிக்கு அடியில் ஒலியைப் பிடிக்கிற காந்தக் கட்டையை, பிக்கப்பை, யாரோ கம்பிக்கு ஒட்டினாற்போல உயர்த்தி வைத்திருந்தார்கள். காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவைத் திருகி இறக்கியதும் நின்றுவிட்டது. "கரண்டு வாத்தியம் கரண்டு வாத்தியந்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகுதான் நான் சொதப்பினேன். டிசம்பர் 31, ஒரு ஹோட்டலின் புல்வெளி மேடை. கீழேயிருந்து, வத்தலக்குண்டு வழியாக ஏறி வந்த பேண்ட். நான் உதவிக்குப் போயிருந்தேன். அறைக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு கிட்டாரையும் ட்யூனரில் ஆறு கம்பியும் பச்சை காட்டும்வரை சேர்த்தேன். வெளியே மேடையில் ஸ்டாண்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். 7000 அடிக்கு மேலே டிசம்பர் ராத்திரி எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டுமா என்ன.

பல கம்பிகளைச் சேர்த்து மீட்டிய முதல் கார்டிலேயே வாசித்த தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு அளவுக்கு ஏறியிருந்தது, அதிலும் ஜி மோசம். குளிரில் எஃகு சுருங்கும், சுருங்கினால் கம்பி இறுகிச் சுதி ஏறும். மரம் அந்த அளவுக்குக் கூடவே சுருங்குவதில்லை. ஜி ஏன் அதிகம் என்பது அன்றைக்குப் புரியவில்லை, பிற்பாடு உட்கார்ந்து யோசித்தபோது விளங்கியது. வழக்கமான எலெக்ட்ரிக் செட்டில் மேலே வேறு கம்பி சுற்றாத மூன்று வெறுங்கம்பிகளில் ஜிதான் தடிமன். அதன் சுதி 196-தான் என்பதால் அதை அவ்வளவாக இழுத்து நீட்டுவதில்லை. கொஞ்சமே நீண்டிருக்கிற கம்பி கடுகளவு சுருங்கினாலும் அதற்கு அது பெரிய விஷயம். ஏற்கனவே விறைப்பாக நீண்டிருக்கிற மெல்லிய ஈ அவ்வளவு கண்டுகொள்ளாது.

அதைவிடப் பெரிய தப்பு அடுத்து செய்தது. பதற்றத்தில் ஜியை மட்டும் 'கீழே இறக்கி' நிறுத்தினேன். இறக்கி நிறுத்தக் கூடாது. வேண்டியதற்கும் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கீயின் பல்சக்கரத்தில் மிச்சமிருக்கும் தளர்வு நாலு மீட்டில் வெளியே வரும். வந்தது. போதாததற்கு அந்தக் கிட்டாரில், கம்பிகளின் அடிமுனையைத் தாங்குகிற பிரிட்ஜ் ஸ்பிரிங்கில் மிதக்கிற வகை. ஒரு கம்பியைத் தளர்த்தினால் மற்ற ஐந்தும் ஏறும். இரண்டாவது பாட்டு முடியும்வரை நான் தலை நிமிரவில்லை.

இப்போதெல்லாம் கிட்டாரை அரைமணி முன்னாலேயே, வாசிக்கப்போகிற இடத்திலேயே, பெட்டியைத் திறந்து வைத்துவிடுகிறேன். குளிர் ஊறட்டும். பிறகுதான் கீயில் கை வைப்பது.

போன வருஷம் பெருமாள்மலைப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில், கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பையன்கள் கிட்டார் வாசிக்கக் கூப்பிட்டார்கள். அரைமணி குளிரில் வைத்து, பச்சை காட்டச் சேர்த்து, எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஹார்மோனியம் ஆரம்பித்ததும் மறுபடி 'வவ்வவ்வவ்'. ஏ ஸ்வரத்தை இரண்டிலும் சேர்த்து அடித்துக் கேட்டேன். நொடிக்கு மூன்று அலை. ஹார்மோனியப் பெட்டி 443-இல் நின்றது. பித்தளை நாக்கைச் சுரண்டித்தான் ஹார்மோனியச் சுதியை மாற்ற முடியும், அதுவும் ஒவ்வொரு நாக்காக. ஆராதனைக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது அந்த வேலையில் கை வைக்க மாஸ்டரே துணிய மாட்டார்.

ட்யூனரில் 440-ஐ மாற்ற ஒரு பட்டன் உண்டு. யாரும் தொடுவதில்லை. அதை 443-க்கு ஏற்றி, மூன்று கிட்டாரையும் மறுபடி கீழிருந்து ஏற்றிச் சேர்த்தேன். பாட்டு முடிந்து வெளியே வரும்போது, ஹார்மோனியம் வாசித்த அக்கா என்னை நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, இன்னிக்கு நம்ம பெட்டி நல்லாப் பேசுச்சுல்ல? நீங்க வந்து எதோ பண்ணீங்கன்னு சொன்னாங்க."

"ஆமாங்க்கா, நல்லா இருந்துச்சு" என்றேன்.